இராமநாதபுரம் முண்டு மிளகாய்: வறண்ட சீமையின் தட்பவெப்பமும் மிளகாயின் தரமும்

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் உருண்டை வடிவ மிளகாய் ‘முண்டு மிளகாய்’ எனப்படுகிறது. மக்கள் பேச்சில் இது குண்டு மிளகாய் அல்லது குண்டு வத்தல். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘இராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் சமையலில் தாளிதத்திலும் துவையலிலும் கறியிலும் இடம்பெறும் இம்மிளகாயின் நிறம், காரம், தோலின் தடிப்பு ஆகியவை விதையால் மட்டும் அமைந்தவையல்ல. மூன்று மாத மழையும் அதைத் தொடரும் நீண்ட வறட்சியும் சேர்ந்து உருவாக்கியவை அவை. உழவர் குறையாகக் கருதும் அந்த வறட்சியே மிளகாய்க்குத் தரத்தைத் தந்தது. அந்த மழை முறை இப்போது மாறிவருவதால் மிளகாயின் தரமும் கேள்விக்குள்ளாகி இருக்கிறது.

மிளகாயின் வருகை

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பிறகுதான் பிற கண்டத்தார் அதை அறிந்தனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததைத் தொடர்ந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய வணிகர் வழியாக மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். புதிதாக வந்த காய்க்குத் தமிழர் வைத்த பெயரிலேயே இந்த வரலாறு பதிவாகியுள்ளது. மிளகைப் போல உறைக்கும் காய் ஆதலால் அது மிளகாய் ஆயிற்று.

மிளகு, மலையும் அடர்ந்த மழையும் நிழலும் வேண்டும் கொடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளை விட்டு அது கீழே இறங்குவதில்லை. மழை குறைந்த கிழக்குச் சமவெளி மக்கள் மிளகை எப்போதும் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. மிளகாயோ ஓராண்டுப் பயிர். வெயிலைத் தாங்கும், விதையை வீட்டிலேயே சேமிக்கலாம், காயவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. மிளகு விளையாத ஊர்க்காரர்கள் தம் காரத்தைத் தம் நிலத்திலேயே விளைவித்துக்கொள்ள இதனால் வழி பிறந்தது. வறண்ட மாவட்டங்களில் மிளகாய் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இது முதன்மைக் காரணம்.

நிலமும் மழையும்

செட்டிநாடு இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பகுதிகளில் செம்மண்ணும் சரளையும் செம்பாறையும் மிகுதி. தெற்கிலும் கிழக்கிலும் செல்லச் செல்ல மண் மாறுகிறது. இளையான்குடி, பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, திருவாடானை, இராஜசிங்கமங்கலம் பகுதிகளில் களிமண்ணும் கரிசலும் கடலோர வண்டலும் காணப்படுகின்றன. பல இடங்களில் மண்ணில் உப்பும் உண்டு. குண்டு மிளகாய் மிகுதியாக விளைவது இந்தத் தெற்கு, கிழக்குப் பகுதிகளில்தான். செட்டிநாட்டு ஊர்கள் அதன் நெடுநாளைய சந்தைகளாகவும் அடுப்படிகளாகவும் இருந்துவருகின்றன.

இவ்வட்டாரம் தென்மேற்குப் பருவமழையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. கேரளத்தில் மழை கொட்டும் ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே காற்றும் புழுதியும்தான். ஆண்டு மழை சிவகங்கை மாவட்டத்தில் சுமார் 900 மி.மீ., இராமநாதபுரத்தில் 800 மி.மீ.-க்குச் சற்று மேல். அதில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. தை பிறந்தபின் வானம் வெளுத்துவிடும். தமிழ்நாடு முழுவதற்குமான ஜனவரி மாதச் சராசரி மழையே 12 மி.மீ. அளவில்தான் உள்ளது. ஜனவரி, பிப்ரவரியில் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மாசி கழிந்தால் வெயில் ஏறத் தொடங்கும்.

நீருக்கான நெடும் போராட்டம்

இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வைகை கடைசியாக வந்து சேரும் இடம் இது. எனவே மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் குடிநீருக்கான ஊருணிகளையும் நம்பியே ஊர்கள் அமைந்தன. சேதுபதி மன்னர்கள் காலத்திலும், சுமார் 1730-இல் சிவகங்கை தனிச் சீமையாகப் பிரிந்த பின்பும் கண்மாய் மராமத்து ஆட்சியாளரின் முக்கியப் பொறுப்பாக இருந்தது. 1789-இல் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே வீணாகக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆராய்ந்தார். பணமில்லாமல் அம்முயற்சி நின்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1895-இல், பென்னிகுயிக் கட்டிய அணையால் பெரியாற்று நீர் கிழக்கே வந்தது. ஆனால் அதன் பெரும் பயனைப் பெற்றவை மதுரைச் சமவெளியும் மேலூர்ப் பகுதியும்தான். அந்நீரை முதலில் விரும்பிய சீமை வானம் பார்த்த பூமியாகவே தொடர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு சீமைகளும் ஜமீன்களாயின. வாரிசு வழக்குகளும் கடனும் பெருகியதால் கண்மாய் மராமத்து குறைந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஒரே மழைக்காலத்தை நம்பி ஒரே பயிரை வைத்தால் என்ன ஆகும் என்பதை இப்பகுதி மக்கள் பலமுறை பட்டறிந்தனர். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டாலும் மேட்டு நிலத்தில் ஏதேனும் ஒரு பணப்பயிர் என்ற ஏற்பாட்டில் பருத்தியோடு மிளகாயும் இடம்பிடித்தது. நெல் வீட்டுக்கு, மிளகாய் கைச்செலவுக்கு என்பது இங்கே குடும்பங்களின் கணக்கு. பெண்ணின் திருமணச் செலவும் பிள்ளையின் படிப்புச் செலவும் மாசி, பங்குனியில் வரும் வத்தல் பணத்தை எதிர்பார்த்தே திட்டமிடப்படும்.

புரட்டாசி முதல் சித்திரை வரை

புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழைக்கு நிலத்தைப் பண்படுத்தி மிளகாய் விதைப்பர். நாற்றுப் பாவி நடுவதும் உண்டு, நேரடியாக விதைப்பதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி வளரும். மார்கழிப் பனியில் பூக்கும். மழை ஓய்ந்தபின் களிமண் தன்னுள் பிடித்துவைத்த ஈரமே செடிக்கு முதல் ஆதாரம். அதுவும் குறைந்தால் ஊருணி, குட்டைகளிலிருந்து குடத்தில் நீர் சுமந்து செடி செடியாக ஊற்றும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது.

தை இறுதியில் முதல் பறிப்பு தொடங்கும். செடியிலேயே நன்கு சிவந்த பழங்களை மட்டும் சில நாள் இடைவெளிவிட்டுப் பறிப்பர். பறிப்பு பங்குனி, சித்திரை வரை நீளும். பறித்த பழத்தைக் களத்திலோ மணல் பரப்பிலோ விரித்து, அடிக்கடி புரட்டி, வெயிலில் காயவைப்பர். காம்பு கிள்ளாமல் காயவைப்பது வழக்கம். காம்பு நீங்கிய துளை வழியே ஈரமும் பூஞ்சையும் உள்ளே புகும் என்பதே காரணம்.

தரம் எப்படி உருவாகிறது

மிளகாயின் தரத்தை வணிகர்கள் நிறம், காரம், தோல், ஈரம் என நான்கு வகையில் பார்க்கின்றனர். நான்குமே தட்பவெப்பத்தோடு தொடர்புடையவை.

நிறத்தைத் தருபவை கேப்சாந்தின் முதலிய கரோட்டின் வகை நிறமிகள். செடியிலேயே முழுமையாகப் பழுத்த பழத்தில்தான் இவை மிகுதியாகச் சேரும். பழுக்கும் நாட்களில் மழை பெய்தால் பழ அழுகல் நோய் தாக்கும். ‘கொலட்டோட்ரைக்கம்’ என்ற பூஞ்சையால் வரும் அந்நோய்க்கு ஈரப்பதமும் மழைத் துளியின் தெறிப்பும் வேண்டும். தை, மாசியில் வானம் வெளுத்திருப்பதால் உழவர் பழத்தைச் செடியிலேயே நன்றாகச் சிவக்க விட முடிகிறது. அவசரப்பட்டு அரைப் பழமாகப் பறிக்க வேண்டியதில்லை.

காரத்தைத் தருவது கேப்சைசின். விதையில்தான் காரம் இருக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர்நிறத் தண்டுப் பகுதியில்தான் கேப்சைசின் உருவாகிறது. காரத்தின் அளவை முதலில் தீர்மானிப்பது இனம். அதற்கு அடுத்தபடியாக வெப்பமும் நீர்ப் பற்றாக்குறையும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. காய் முற்றும் காலத்தில் மிதமான நீர்த்தட்டுப்பாடு ஏற்பட்டால் பல இனங்களில் காரம் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர் மிகுந்தால் காய் பெருத்து, எடை கூடி, சாரம் நீர்த்துப்போகும். இதையே உழவர் ‘தண்ணி மிளகாய்க்கு உறைப்பு கம்மி’ என்று சொல்வதுண்டு.

தோலும் ஈரமும் களத்தில் தீர்மானமாகின்றன. நல்ல வத்தலில் ஈரம் சுமார் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். குண்டு மிளகாயின் தோல் தடித்தது. எனவே அது மெல்லிய நீள மிளகாயைவிட மெதுவாகவே காயும். மேகமூட்டமும் பனியும் நீடித்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூஞ்சையும் அத்தகைய ஈரத்திலேயே வளரும். நிறம் வெளுத்து, புள்ளி விழுந்த வத்தலை வணிகர் ‘சண்டு’ என்று தனியாகக் கழித்துக் குறைந்த விலைக்கு எடுப்பர். அதே வயல், அதே விதை, அதே உழைப்பு. களத்தில் கிடந்த ஒரு வாரத்தில் வானம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்பது விலையை மாற்றிவிடும். தடித்த தோலுள்ள மிளகாயை வெறும் வெயிலில் காயவைக்க வறண்ட மாசியும் பங்குனியும் வேண்டும். அது இந்நிலத்தில் தடையின்றிக் கிடைத்ததால் குண்டு மிளகாய் இங்கே நிலைத்தது.

ஆப்பிளோடு ஓர் ஒப்பீடு

தட்பவெப்பம் விளைபொருளின் தரத்தை அமைப்பதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு ஆப்பிள். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் உறங்க வேண்டும். பெரும்பாலான சிறந்த இனங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரக் குளிர் தேவை. பழம் சிவப்பதற்கும் குளிர்ந்த இரவும் வெயிலடிக்கும் பகலும் வேண்டும். 1916 வாக்கில் சாமுவேல் ஸ்டோக்ஸ் இமாசலப் பிரதேசத்தின் கோட்கட்டில் அமெரிக்க ஆப்பிள் இனங்களை நட்டு வெற்றிபெற்றது அங்கே அக்குளிர் இருந்ததால்தான். கொடைக்கானலில் அவ்வளவு குளிர் இல்லை. அங்கே குறைந்த குளிரில் காய்க்கும் ‘பார்லின்ஸ் பியூட்டி’ போன்ற இனங்களே ஏற்றவையாக இருந்தன.

ஆப்பிளுக்குக் குளிர் எப்படியோ, குண்டு மிளகாய்க்கு வறண்ட தை, மாசி அப்படி. இமாசலத்தில் குளிர்காலம் சுருங்கியதால் ஆப்பிள் தோட்டங்கள் மேலும் மேலும் உயரமான சரிவுகளுக்கு நகர்ந்துள்ளன. மலையில் நகர்வதற்கு உயரம் இருக்கிறது. கடலோரச் சமவெளியில் விளையும் மிளகாய்க்கு அப்படி நகர இடமில்லை.

மிளகாயிலேயே இத்தகைய வட்டார வேறுபாடுகளைக் காணலாம். கர்நாடகத்தின் ப்யாடகி மிளகாய் சுருக்கம் மிகுந்தது, அடர்ந்த நிறமும் குறைந்த காரமும் உடையது. ஆந்திரத்தின் குண்டூர் சன்னம் நீண்டது, காரம் மிக்கது. குண்டு மிளகாய் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு, உருண்டை வடிவும் பளபளப்பான தடித்த தோலும் நிறைந்த விதையும் கொண்டது.

செட்டிநாட்டு அடுப்படியில்

நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டினர். அப்பொருளில் எழுந்த செட்டிநாட்டு வீடுகள் இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே அமைந்தவை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் அவ்வீடுகளின் திறந்த முற்றங்கள் காற்றையும் வெளிச்சத்தையும் மழைநீரையும் உள்ளே வாங்கின. அதே முற்றங்கள் வத்தல், வடகம், மிளகாய், மல்லி காயவைக்கும் களங்களாகவும் பயன்பட்டன. ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைக் கோடையில் வாங்கி, மறுபடி வெயிலில் காட்டிச் சேமிப்பது இங்குள்ள வழக்கம். நான்கு மாத வெயிலை அடுப்படியில் அடைத்துவைக்கும் சமையல் இது.

செட்டிநாட்டு உணவு என்றாலே உணவகங்கள் மசாலா மிகுந்த கறியையே காட்டுகின்றன. ஆனால் இவ்வட்டாரத்து உப்புக்கறியில் பொருள்கள் மிகக் குறைவு. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு ஆகியவற்றோடு முழு வரமிளகாய் சேரும். வேறு மசாலா இல்லாததால் மிளகாயின் தரம் நேரடியாக நாக்கில் தெரிந்துவிடும். விதையை உதிர்த்துவிட்டு மிளகாயைப் போடுவோர் பலர். தடித்த தோல் எண்ணெயில் கரிந்துவிடாமல் மெதுவாக வதங்கி, நிறத்தையும் மணத்தையும் விடுவதால் குண்டு மிளகாய் இதற்கு ஏற்றது. வெள்ளைப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் காரத் துவையலுக்கும் அதே மிளகாய்தான்.

விதையும் ஆய்வும்

குண்டு மிளகாயின் விதையைப் பெரும்பாலும் உழவர்களே தம் நல்ல செடிகளிலிருந்து எடுத்து வைத்துவந்துள்ளனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிஎம்கே 1 என்ற மிளகாய் இனம், கோ 2 இனத்தையும் இராமநாதபுரம் குண்டு மிளகாயையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கப்பட்டது. ‘பிஎம்கே’ என்பது பரமக்குடியைக் குறிக்கும். தென் மாவட்ட மானாவாரி நிலங்களுக்கென்றே இது பரிந்துரைக்கப்பட்டது. வறட்சியைத் தாங்கும் பண்பை நாட்டு இனத்திலிருந்தே பெற வேண்டியிருந்தது என்பதற்கு இது சான்று.

மிளகாய் தன் மகரந்தச் சேர்க்கை உடையதாயினும் பூச்சிகளால் அயல் மகரந்தச் சேர்க்கையும் கணிசமாக நடக்கும். அடுத்த வயலில் நீள மிளகாயோ வீரிய ஒட்டு இனமோ இருந்தால் சில தலைமுறைகளில் உருண்டை வடிவமும் தோலின் தடிப்பும் மாறிவிடும். ஆகவே இனத் தூய்மையைக் காப்பது ஒரு வீட்டின் வேலையாக முடிவதில்லை. ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

புவிசார் குறியீடு

1999-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் தரமோ புகழோ அது தோன்றிய இடத்தால் அமைந்தது என்று காட்டினால்தான் இக்குறியீடு கிடைக்கும். நாட்டின் முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்தது. காரைக்குடி வட்டாரத்தின் கண்டாங்கிச் சேலை 2019-இல் இக்குறியீட்டைப் பெற்றது. 2023-இல் முண்டு மிளகாயும் அவ்வரிசையில் சேர்ந்தது.

இம்மிளகாயின் பெயரில் இராமநாதபுரம் மட்டும் இருப்பதற்கு ஆட்சி வரலாறே காரணம். 1910-இல் அமைந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இன்றைய சிவகங்கை மாவட்டமும் விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அடங்கியிருந்தன. 1985-இல்தான் அது மூன்றாகப் பிரிந்தது. இளையான்குடிப் பக்கத்து உழவரின் மிளகாயும் கமுதி உழவரின் மிளகாயும் நெடுங்காலம் ஒரே மாவட்டப் பெயரில் சந்தைக்குச் சென்றன. விருதுநகர் அதன் பெரிய வணிக மையமாக வளர்ந்தது. சிவகங்கை அருகே நறுமணப் பொருள் வாரியம் அமைத்த பூங்காவும், இராமநாதபுரம் அருகே எட்டிவயலில் உள்ள மிளகாய்ச் சந்தையும் பிற்கால ஏற்பாடுகள்.

மாறிவரும் மழை

குறியீடு ஒரு பெயரைக் காக்கும். அப்பெயருக்குப் பின்னுள்ள தட்பவெப்பத்தை அது காக்காது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, மானாவாரிப் பயிர்கள் கருகின. 2021 ஜனவரியில் நேர்மாறாக, சராசரியாக 12 மி.மீ. பெய்ய வேண்டிய மாதத்தில் 100 மி.மீ.-க்கு மேல் மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற நெல்லோடு, பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாயும் நீரில் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அம்மாவட்டத்து மிளகாய் நிலங்களும் அவ்வெள்ளத்தில் சேதமடைந்தன.

மிளகாய்ச் செடி வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. களிமண்ணில் நீர் இரண்டு மூன்று நாள் நின்றாலே வேர் மூச்சடைத்து வாடல் நோய் வரும். ஆகவே மழை இல்லாத ஆண்டைவிட மழை தவறிய மாதத்தில் பெய்யும் ஆண்டு குண்டு மிளகாய்க்குக் கேடு. மழை குறைந்தால் விளைச்சல் குறையும், ஆனால் விளைந்த வத்தல் தரமாக இருக்கும். தையில் மழை பெய்தால் விளைச்சல், தரம் இரண்டும் போய்விடும்.

இதற்கு உழவரும் அரசும் சில வழிகளைக் கையாள்கின்றனர். மேட்டுப் பாத்தி, வடிகால், பண்ணைக் குட்டை, தார்ப்பாயின் மேல் காயவைத்தல், சூரிய ஒளி உலர்த்திகள், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவை அவற்றுள் சில. 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு தென் மாவட்டங்களுக்கு மிளகாய் மண்டலத் திட்டத்தை அறிவித்தது. ஆயினும் சிறு உழவருக்கு உலர்த்தியின் விலையும் கிடங்கின் தொலைவும் இன்னும் தடைகளே. அவர் இலவசமாகப் பெற்றுவந்த மாசி வெயிலுக்கு இனி விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முடிவுரை

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு காய், நீரில்லாத ஒரு சீமையில் அதன் வறட்சியையே தன் குணமாக்கிக்கொண்டது. ஆறு திருப்ப முயன்று முடியாமற்போன நிலத்தில், கண்மாயையும் களிமண்ணின் ஈரத்தையும் கொண்டு உழவர் அதை வளர்த்தனர். அவர்கள் காத்த விதையும் மழைக்கேற்பக் குறித்த விதைப்பு நாளும் களத்தில் அவர்கள் கற்ற பக்குவமும் சேர்ந்ததே இன்று குறியீடு பெற்றுள்ள தரம். வருங்காலத்தில் அத்தரம் நிலைக்க வேண்டுமானால் கண்மாய்களைத் தூர்வாருவது, வடிகால்களைத் திறந்துவைப்பது, நாட்டு விதையைக் கலப்பில்லாமல் காப்பது, ஊர்தோறும் உலர்களம் அமைப்பது ஆகிய நான்கும் குறியீட்டுச் சான்றிதழைவிட முதன்மையானவை.